துள்ளுகிற குதிரை

"எங்க வீட்டுக் குதிரை கொஞ்சம் துள்ளும், உங்க வீட்டுப் பூங்கை பிடிச்சா அடங்கும்!"

மாப்பிள்ளை வீட்டுக்காக பாக் ஹாஷிம் மலாய் பாந்துன் பாட்டை முடித்ததும், வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் 'ஆஹா' என்றார்கள்.

ஊரே மரியாதையாக 'பாக்' என்று அழைக்கும் ஹாஷிம், பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். கோலா கங்சாரில் யார் பெண் கேட்கப் போனாலும் பேசுவதற்கு அவரைத்தான் கூட்டிப் போவார்கள்.

பெண்ணின் தாய் ரம்லாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அவளைப் பெண் கேட்டு வந்தபோதும் இதே ஹாஷிம்தான் பேசினார். இதே குதிரையைத்தான் சொன்னார். அந்தக் குதிரை முறித்த இடது மணிக்கட்டு இன்றும் கோணலாகவே இருக்கிறது. குதிரை மண்ணுக்குள் போய்விட்டது, கோணல் போகவில்லை.

"துள்ளும்னா என்ன அர்த்தம், பாக்?"

"அது உருவகம்மா. ரசிக்கணும், தோண்டித் துருவக் கூடாது."

"நான் ஒரு தடவை ரசிச்சு, பட்டும் முடிச்சாச்சு. நேராச் சொல்லுங்க. பையன் கை நீட்டுவானா?"

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

"ரம்லா!" என்று அண்ணன் யூசோஃப் சீறினார். "சபையில இப்படியா பச்சையாக் கேப்பே? பாந்துன்ல கேட்டா பாந்துன்ல பதில் சொல்லணும். நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு?"

"நல்லாத் தெரியும்ணே. அந்த வழக்கத்தாலதான் என் கை இப்படி இருக்கு."

ஹாஷிம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கசப்பு மருந்தைத் தேன்ல குழைச்சுக் குடுக்கிறதில்லையா? உவமை, உருவகம் எல்லாம் அது மாதிரிதான்மா."

"மருந்தைக் குழைச்சாச் சரி. நீங்க விஷத்தையில்ல குழைக்கிறீங்க!"

அவளுடைய கோபம் மாப்பிள்ளையின் தாய் நோரிசான் பக்கம் திரும்பியது. அந்த அம்மாள் வந்ததிலிருந்து சிரிக்கவில்லை. மோதிரப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தாள். குவே பலகாரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்களும் ஒரு பொம்பளைதானே? எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். உங்க குதிரைக்கு மட்டும் என் பொண்ணு வேணுமா?"

"கெடுத்தாளே பாவி!" யூசோஃப் தலையில் அடித்துக்கொண்டார். "இனி எவன் இந்த வீட்டு வாசல்ல காலை வைப்பான்?"

நோரிசான் எழுந்தாள். மோதிரப் பெட்டியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். ஹாஷிம் அவசரமாக, "அவங்க ஏதோ கோபத்துல..." என்று சமாதானத்துக்கு வந்தார். நோரிசான் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நேராக ரம்லாவிடம் வந்து, அவளுடைய கோணல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவ நானா எப்படி வாயைத் திறப்பேன்? யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் உக்காந்திருந்தேன், தங்கச்சி. பொண்ணைக் குடுக்காதே. என்னையே அடிக்கிறான்."