விரிசல் கேட்கும் காது

சுண்டு யுகுலேலியை மடியில் வைத்ததும், தேர்வு அறையின் கதவிடுக்கில் என் காதை ஒட்டினேன்.

சாதாரணக் காதா இது! மூன்று தெரு தள்ளி ஒரு பூனை கொட்டாவி விட்டால், எந்தப் பூனை என்று சொல்லிவிடும்.

பீங்கான் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் கோப்பைகளைத் தட்டிப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். ‘டிங்’ என்றால் பெட்டிக்கு. ‘டொக்’ என்றால் விரிசல், குப்பைக்கு. இரண்டாவது தட்டு கிடையாது.

தங்கை மகள் சுண்டுவுக்கும் அதே வைத்தியம்தான்.

இசைப் பள்ளியில் இருந்ததே ஒரே ஒரு இடம். எட்டு மாதம், கிட்டார் போட்ட குட்டி மாதிரி இருந்த யுகுலேலியை வைத்துக்கொண்டு, போனில் பார்த்துப் பார்த்து அவள் வாசிப்பாள். எதிரில் நான். ஒரு தந்தி பிசகினால் போதும், “விரிசல்!” என்று கத்துவேன். மறுபடி முதலிலிருந்து.

கத்திய கத்தலில், எதிர்வீட்டுக் குழந்தை ‘அம்மா’ சொல்வதற்கு முன்பே ‘விரிசல்’ சொல்லிற்று.

பதினைந்து வயசு. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது.

“பெரியம்மா, ஒரே ஒரு தடவை கடைசி வரைக்கும் கேளேன்.”

“ஒழுகுற கப்புல காபி குடிப்பியாடி நீ?”

இதோ, உள்ளே வாசிக்கிறாள். கொடுத்த மூன்று பாட்டும் டிங், டிங், டிங். இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், நடுவர்கள் தலையாட்டிய வேகத்துக்குக் கழுத்து கழன்று விழாதது அதிசயம். வாசலில் நின்ற காவலாளியைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றலாமா என்றிருந்தது எனக்கு.

நடுவில் இருந்த அம்மாள் பேனாவைத் திறந்தார்.

“ரொம்ப சுத்தமா வாசிக்கிறம்மா. இப்ப உன்னோடதுன்னு ஏதாவது வாசி. நீயா போட்டது. பாதி மார்க் அதுக்குத்தான்.”

சுண்டுவின் விரல்கள் தந்திமேல் போய் நின்றன. ஒரு சுரம். இன்னொன்று.

கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் வாயே திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

“அப்படி எதுவும் இல்ல மேடம்” என்று கையை எடுத்துவிட்டாள்.

இருந்தது. யுகுலேலி வாங்கிய முதல் வாரம், தானாகவே ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். சமையலறையில் என் எதிரே நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

மூன்றாவது சுரத்துக்குமேல் அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது.