கூரை திற

கேள்வியில் அந்த வரிக்கே திரும்பப் போனாள். மறுபடி கேட்டாள்.

"இரண்டு புள்ளி மூன்று," என்றது கணினி.

அவ்வளவுதான்.

பார்வையில்லாத அவளுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்வது அந்தக் குரல்தான். அதை நம்பித்தான் கல்லூரித் தேர்வு எழுதினாள். 2.3 என்று கேட்டது. 2.3 என்றே விடை எழுதினாள்.

சரியான விடை மூன்று.

எண்ணின் இருபுறமும் ஒரு தனி வகை அடைப்புக்குறி இருந்திருக்கிறது. அது இருந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற வேண்டும். குரல் அதைச் சொல்லவேயில்லை.

"தெளிவாத்தானேம்மா போட்டிருக்கு," என்றார் பேராசிரியர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த மதிப்பெண்ணைப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

வேண்டாம் என்றுவிட்டாள். கணிதத்தில் அவளுக்கு இதுவரை யாரும் இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டதில்லை.

விடுதி அறைக்கு வந்ததும் கேள்வியைத் திரும்பத் திறந்தாள். குரல் தாண்டிப்போகிற அந்த இடத்தில் நின்றாள். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணைச் சொல்லும் விசையை அழுத்தினாள்.

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு."

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆக, குறி அங்கேதான் இருக்கிறது. எந்த ஊர்க் கணினியிலும் அதற்கு அந்த எண்தான். திரை அந்த எண்ணைப் பார்த்துக் கோடு வரைகிறது. குரல் அதே எண்ணைப் பார்த்துத் தமிழில் பெயர் தேடுகிறது. யாரும் பெயர் வைக்கவில்லை. பேசாமல் கடந்துவிடுகிறது.

"பார்க்க எப்படிடி இருக்கும் அது?"

அறைத்தோழி பொற்கொடி அவள் முன்கையில் விரலால் இழுத்துக் காட்டினாள். "நேரா ஒரு கோடு. மேல மட்டும் உள்பக்கமா மடங்கியிருக்கு, கூரை மாதிரி. இதோட ஜோடி ஒண்ணு இருக்கு பாரு, அது கீழ மடங்கும்."

"அப்ப அது தரை," என்றாள் அவள்.

அந்த மென்பொருளைத் தமிழில் பேச வைப்பவர்கள் தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் சொல் அனுப்பலாம்.

அனுப்பினாள். எண்ணுக்கு முன்னால் வருவது கூரை திற, பின்னால் வருவது கூரை மூடு. அப்படியே தரை திற, தரை மூடு.

ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமே என்று பதில் வந்தது.

சுருக்கென்றது. ஒரே வரியில் ஐந்தாறு தடவை வருகிற குறி. ஒவ்வொரு தடவையும் 'லெஃப்ட் சீலிங் பிராக்கெட்' என்று குரல் இழுத்துக்கொண்டிருந்தால் கணக்கு எங்கே மனதில் நிற்கும்? நாங்கள் காதால் கணக்குப் போடுகிறவர்கள், எங்களுக்குச் சொல் சின்னதாக இருக்க வேண்டும் என்று எழுதினாள்.

மறுத்தார்கள்.

இரண்டு பெயரையும் வைத்து ஒரே கணக்கை வாசிக்கச் சொல்லி, ஒலிப்பதிவு செய்து அனுப்பினாள்.

அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை.

படிப்பு முடிந்து ஆசிரியை ஆனாள். பார்வையற்ற கணித ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம், கோயம்புத்தூரில். பக்கத்து இருக்கைக்காரர் அவளைவிட மூத்தவர், முன்பின் பழக்கமில்லாதவர். அவருடைய கணினி வேகமாக வாசித்துக்கொண்டே போனது.

"கூரை திற நான்கு புள்ளி ஒன்று கூரை மூடு."

அவள் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

"அஞ்சு," என்று முணுமுணுத்தபடி அவர் அடுத்த கணக்குக்குப் போனார். பிறகு தானாகவே சிரித்தார். "யாருங்க இந்தப் பேரெல்லாம் வெக்கறது? கொத்தனாரு வெச்ச பேராட்டம் இருக்குது."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "புரியுதுங்களா சார்?"

"புரியாம என்னங்க? கேட்டதும் விடை வந்து நிக்குது. வெச்ச ஆளுக்குக் கணக்குத் தெரியும்போல."

"தெரியும் சார்," என்றாள். "நல்லாவே தெரியும்."