ஓர் அச்சு வெல்லம்

பாட்டிலை நீருக்கு அடியில் வைத்தே மூடினாள்.

ஒரு குமிழி உள்ளே போனாலும் சோதனை பொய்யாகிவிடும்.

ஏரிப் படியில் உட்கார்ந்து சோதனை மருந்துகள் இரண்டையும் அதில் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூடிக் குலுக்கினாள். கலங்கல் அடியில் இறங்கக் காத்திருந்தாள்.

பழுப்பாக இறங்கினால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் இல்லை.

ஆடி மாதம் வெள்ளையாகத்தான் இறங்கியது. மறுநாள் கெண்டை மீன்கள் கரையோரம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது.

இன்று பழுப்பு. நல்ல பழுப்பு.

சந்தோஷமாகத்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பொன்னியம்மன் ஏரி சின்ன ஏரி. உடம்பில் கட்டி, மரு என்று எது வந்தாலும் இங்கே வந்து வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. ஆடியில் கூட்டம் தாங்காது. வெல்லத்தைத் தின்று பெருகுகிற கிருமிகள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடும். மீனுக்கு மிச்சமிருக்காது.

தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. இதை அவள்தான் அறிக்கையாக எழுதினாள். ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்தும் சொன்னாள்.

"என் ஒரு அச்சு வெல்லத்தால என்ன ஆயிடப் போவுதுன்னு ஆளாளுக்கு நெனைக்கிறீங்க. அதான் பிரச்சினையே."

கைதட்டினார்கள். தடை வந்தது. படிக்கட்டில் விசிலோடு ஒரு காவலாளியும் வந்தார், ஞானசிகாமணி. யார் பொட்டலத்தோடு இறங்கினாலும் ஊதிவிடுவார். சொந்த மச்சினிக்கே ஊதினவர் என்று பெயர்.

தடை போட்டால் மாற்று வேண்டுமே. அவள் யோசனைப்படி படிக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் வைத்தார்கள். ஏரித் தண்ணீரையே மொண்டு நிரப்பினார்கள். வெல்லத்தை அதில் கரைக்கலாம். அதே தண்ணீர்தானே, எங்கே கரைத்தால் என்ன?

ஒருவரும் கரைக்கவில்லை. கொசுதான் வந்தது. இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பாட்டில்களைப் பையில் அடுக்கும்போது அது கையில் தட்டுப்பட்டது. செய்தித்தாளில் மடித்த ஓர் அச்சு வெல்லம்.

காலையில் அவள் கணவன் வைத்தது. கோவிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிற ஆள்.

"பையில ஒண்ணு வச்சிருக்கேன். எதுவும் கேக்காத."

அவளும் கேட்கவில்லை.

மகள் ஆதிரைக்கு ஒன்பது வயது. கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. இப்போது நெல்லிக்காய். ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்று மதியம் முடிவு வரும். அதற்கப்புறம் பேசலாம் என்று சொன்னபோது டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பயமாக இருந்தது. கொஞ்ச நாளாகவே வேறொன்றும் இல்லை, பயம்தான்.

எழுந்து டிரம்மிடம் போனாள்.

முறைப்படி அதுதான் சரி. ஊருக்குச் சொன்னதைத் தானே செய்யாவிட்டால் எப்படி? பொட்டலத்தைப் பிரித்தாள். கையை டிரம்முக்கு மேலே நீட்டினாள். உள்ளே அதே ஏரித் தண்ணீர்தான் இருந்தது.

விரல்கள் பிரியவில்லை.

டிரம்மில் கரைத்து, ஆதிரைக்குக் கரையாமல் போய்விட்டால்?

அபத்தம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய.

படியிறங்கினாள். முழங்கால் வரை நனைந்தது.

ஞானசிகாமணி எழுந்து வந்தார்.

"இன்னொரு பாட்டில் எடுக்கணுமா மேடம்? குடுங்க, நான் மொண்டு தரேன்."

அவள் குனிந்து வெல்லத்தை நீருக்குள் பிடித்தாள். முதலில் விளிம்பு மழுங்கியது. பிறகு விரலிடுக்கில் பிசுபிசுவென்று இளகியது. எவ்வளவு கரைந்தால் எவ்வளவு ஆக்சிஜன் போகும் என்று அவளால் சொல்ல முடியும். அந்தக் கணக்கு அப்போது வரவில்லை. மகளின் பெயர்தான் வந்துகொண்டிருந்தது.

உள்ளங்கையில் கொஞ்சம் மண் மிஞ்சியது. அதையும் அலசிவிட்டாள்.

நிமிர்ந்தபோது காவலாளி பார்த்துக்கொண்டு நின்றார். விசில் உதடு வரை போயிருந்தது. ஊதவில்லை.

அவருக்குப் பின்னால், மேல்படியில், ஒரு பெண். இடுப்பில் குழந்தை. அதன் கன்னம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. பெண்ணின் கையில் ஒரு பொட்டலம். அவளும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தபடி நின்றாள்.

ஞானசிகாமணி அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"மேடம்?"

ஊதச் சொன்னால் ஊதிவிடுவார்.

அவள் படியில் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"பாசி வழுக்கும்மா. கொழந்தைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு எறங்குங்க."