தையல் எங்கடா?

"சட்டையத் தூக்குடா!"

திருமலை வீட்டு வாசலிலேயே நின்று கத்தினான் ஜெகதீசன். காசிமேட்டில் அவன் ஓட்டுகிற விசைப்படகில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதில் அவன் வைத்ததுதான் சட்டம். பின்னால் படகு ஆட்கள் நாலைந்து பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

போன வாரம் நடுக்கடலில், அந்தப் படகில் வேலை செய்கிற திருமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். பத்து நாள் தங்க வேண்டிய படகு, மூன்றாம் நாளே வெறும் ஐஸோடு கரைக்குத் திரும்பியது. அந்த ஆத்திரம் லேசில் ஆறுமா?

திருமலை சட்டையைத் தூக்கினான். வயிற்றில் மூன்று சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

"இன்னாடா இது? கொடலு அடச்சிகிச்சின்னா இங்கேர்ந்து இங்க வரிக்கும் கிழிப்பான். எங்கப்பனுக்கு அப்டித்தான் கிழிச்சான், பொழைக்கல. ஒனுக்குத் தையல் எங்கடா?"

"சின்ன ஓட்டை போட்டு கேமராவ உள்ள வுட்டாங்கண்ணா. டிவில பாத்துகினே அடைப்ப எட்த்துட்டாங்க."

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆக்டிங் வுட்டு போட்டத் திருப்பிகீறான்ணா! இனிமே இவன ஏத்தாத!"

திருமலைக்குப் பகீரென்றது. பதினெட்டு வருடமாக அந்தப் படகுதான் சோறு. வேறு என்ன தொழில் தெரியும் அவனுக்கு?

சமாதானமாகப் போகட்டுமே என்று அவன் மனைவி நர்மதா டீயை நீட்டினாள். ஜெகதீசன் புறங்கையால் தள்ளினான்.

"பச்சத் தண்ணி எறங்காது எனுக்கு. எட்த்துகினு போ!"

நர்மதா கொதித்துப்போனாள். "வூடு தேடி வந்து அசிங்கப்படுத்துறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போலீஸ்காரன் கெட்டான், அப்படி ஒரு விசாரணை.

"எப்ப எழுந்து நடந்தே?"

"மறாநாளே."

"கஞ்சி?"

"மூணாம் நாளு."

"பொய் சொன்னே, தோல உரிச்சிடுவேன்!"

"எம் பொண்ணு மேல சத்தியம்ணா."

ஜெகதீசன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "எல்லாம் போட்டுக்குப் போங்கடா. இவன நான் பாத்துக்கறேன்."

அவர்கள் தெரு முனை தாண்டியதும் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். நர்மதா மீன் வெட்டும் கத்தியோடு குறுக்கே வந்து நின்றாள்.

ஜெகதீசன் அவளைப் பார்க்கவே இல்லை. திருமலையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனுக்கும் அதே அடைப்பாம், இன்னிக்கே ஆபரேசனாம்... கூட வாடா, பயமா கீது."