அணிலுக்குச் சளி

சாயங்கால வெயில் மேசைமேல் சரிந்து கிடக்கிறது. மகள் டேப்லெட்டில் கணக்கு விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள். திரையில் அவளோடு போட்டி போடும் அணிலும் ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை என்றுதான் அம்மா இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். துவைத்த சட்டையோடு அவள் கடக்கையில் ஹெட்போன் ஒயர் காலில் சிக்கிக் கழன்றுவிடுகிறது. அறைக்குள் ஓர் இருமல் கேட்கிறது, வயதான ஆம்பளையின் கனத்த இருமல். “அணிலுக்குச் சளிம்மா” என்று சிரிக்கிறாள் மகள். “அம்மா டியூட்டிக்குப் போயாச்சா தங்கம்?” என்று குழைகிறது அந்தக் குரல். “இல்லையே, இங்கதான் நிக்கிறாங்க.” அணில் சட்டென்று மறைகிறது. “போம்மா, நீ இருந்தாலே அது ஓடிப்போயிடுது” என்று சிணுங்குகிறாள் மகள். கேமராவின் பச்சைப் பொட்டு இன்னும் அணையவில்லை. ஈரச் சட்டையை அப்படியே அதன்மேல் போட்டு அழுத்துகிறாள் அம்மா.