கறுத்த முட்டைகள்

எழுதத் துணிந்த பிழையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

புழு தின்று மொட்டையாக்கிய காட்டில், வனக்காவலரின் மனைவி உருப்பெருக்கிக் கண்ணாடியை அடிமரத்தருகே பிடித்துப் பார்க்கிறாள். அந்தப் புழுக்களைப் பெறும் அந்துப்பூச்சியின் வெள்ளை முட்டைமேல் தூசியளவுக் குளவியொன்று ஏறி நின்று, வயிற்று ஊசியை அழுத்தி அழுத்திக் குத்தி உள்ளே தன் முட்டையை இடுகிறது. முன்பே குத்துப்பட்டுக் கறுத்த முட்டையொன்று அதன் பக்கத்தில் கிழிகிறது. உள்ளிருந்த கருவைத் தின்று தீர்த்த இளங்குளவி ஓட்டைக் கடித்துத் தலைநீட்டுகிறது. “என்னங்க, கறுத்தத மட்டும் சுரண்டாதீங்க. உள்ள இருக்கறது நம்ம ஆளு.” கணவர் முட்டை சுரண்டிய கத்தியைக் காற்சட்டையில் துடைக்கிறார். அவருக்குப் பின்னால் தகர டின்னில் மண்ணெண்ணெய்த் தீ படபடவென்று வெடிக்கிறது. “இத முன்னாலயே சொல்லக்கூடாதா தாயே? கறுத்ததுதான் சீக்கிரம் பொரிக்கும்னு, மொதல்ல அதத்தான் பொறுக்கிப் போட்டேன்.” அவள் கண்ணாடியைத் தாழ்த்துகிறாள். தீயில் போனவை, இந்த ஒரு மரம் நீங்கலாக, அவர்கள் நட்டு வளர்த்த காட்டின் கறுத்த முட்டைகள் அனைத்தும், அவற்றுள் இருந்த குளவிகளும். வெள்ளை முட்டைகள் மரங்களில் அப்படியே இருக்கின்றன.