பித்தளை ருசி

பல்லில் இன்னும் பித்தளை ருசி இருந்தது.

ஷிப்ட் விட்டு வந்து நாலு தடவை வாய் கொப்பளித்துவிட்டாள். போகவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. மில் லைனில் இருநூறு வீடுகள். கார் நின்றது அவர்கள் வீட்டு முன்னால்.

சின்ன முதலாளியின் மனைவி இறங்கினாள். பின்னால் கேமராக்காரர். அவருக்கும் பின்னால் மயில்சாமி மேஸ்திரி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

மில்லுக்கு நூறு வயது. முதலாளி குடும்பம் புத்தகம் போடுகிறது. முதல் பக்கத்தில் பெரிய முதலாளி. கடைசிப் பக்கத்தில் தொழிலாளிகள்.

லைனுக்குப் பெரிய முதலாளியின் பெயர். அவள் பிறந்த ஆஸ்பத்திரிக்கும் அதே பெயர். ஒன்பதாவதோடு அவள் விட்ட பள்ளிக்கூடத்துக்கும் அதே பெயர்.

அவர்களுக்கு மட்டும் எண். பித்தளை டோக்கனில் அடித்த 212.

அம்மா இருபத்தாறு வருடம் அந்த எண். பஞ்சு நெஞ்சில் ஏறி, நாலு அடி நடக்க அம்மாவுக்கு மூச்சு போதாமல் ஆனபோது, டோக்கன் மூத்த மகளான அவளிடம் வந்தது. லைன் வீட்டுக்கு ஒரு ஆள் மில்லில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்கும் எழுதியதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் அவளும் இருமத் தொடங்கினாள்.

மேஸ்திரிக்குக் கூர்மையான காது.

"சின்னவ தாரணி பேர இப்பவே சொல்லி வெச்சிரலாமுங்க," என்றார் அம்மாவிடம். "பத்தாவது பரிச்சை எழுதட்டும், யாரு வேண்டாங்கறா? இன்னைக்குப் படத்துல மட்டும் நிக்கட்டும். புஸ்தகத்துல வந்துட்டா அப்புறம் வீட்ட யாரு கேக்கப் போறாங்க?"

அம்மா இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். படம் முடியும்வரை இருமக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

தங்கை தாரணி பள்ளிச் சீருடையிலேயே நின்றாள். இரட்டைச் சடை. கையில் மை.

சின்ன முதலாளியின் மனைவி தண்ணீர் டம்ளரை வாங்கினாள். குடிக்காமல் ஜன்னலில் வைத்தாள். டோக்கனைக் கேட்டாள். அம்மா அதற்குள் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். பளபளவென்று இருந்தது.

"மூணு பேரு, ஒரே நம்பர். என்ன ஒரு பந்தம் பாருங்க!"

திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன ஓரத்துல பள்ளம் பள்ளமா?"

"பழசுங்கம்மா," என்றார் மேஸ்திரி. "மெஷின்ல பட்டிருக்குங்க."

தாரணியின் பக்கத்தில் நின்ற அவள் தரையைப் பார்த்தாள்.

மெஷினில் படவில்லை.

ஷிப்ட் விட்டதும் கேட்டில் சோதனை. நூல் எடுத்துப் போகவில்லை என்று காட்ட வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். சோதிக்கிறவளின் கை ஜாக்கெட்டுக்குள் போகும். பாவாடை நாடாவரை போகும். அந்த விரல்களில் முந்தினவளின் வியர்வை இருக்கும்.

அப்போதும் வாட்ச்மேனுக்கு எண் தெரிய வேண்டும். கை இரண்டும் மேலே.

அதனால் டோக்கன் பல்லில்.

அம்மாவின் பல் பதிந்த பள்ளத்தில்தான் அவள் பல்லும் உட்காரும். தினமும்.

கேமராக்காரர் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். அவளைப் பின்னால் நிறுத்தினார். தாரணியை முன்னால். சின்ன முதலாளியின் மனைவி டோக்கனைத் தாரணியின் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு கையையும் நல்லா மேல தூக்கி, பெரிய முதலாளிக்கு ஒரு கும்பிடு போடும்மா."

தாரணி டோக்கனைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள்.

யோசிக்கவே இல்லை. டோக்கனைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

எண் வெளியே தெரியும்படி.

யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாலையில் அக்காவுக்காகக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தவள்.

வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்களின் சிரிப்பு நின்றது. ஒருத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்ன க்யூட்டா இருக்கா! அப்படியே இரு, அசையாத!" என்றாள் சின்ன முதலாளியின் மனைவி.

கேமரா உயர்ந்தது.

அவள் நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தாள். கேமராவுக்கு முதுகு காட்டி நின்றாள். மண்ணைத் தின்ற குழந்தைக்குப் பிடிப்பதுபோல, தங்கையின் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"துப்புடி."

தாரணி விழித்தாள். கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

"துப்பு."

டோக்கன் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. எச்சில் நூலாக இழுத்தது.

"அம்மிணி," மேஸ்திரியின் குரல் தாழ்ந்தது. "வீட்ட நெனச்சுப் பாத்துக்க."

அவள் துடைக்கவில்லை. சின்ன முதலாளியின் மனைவி கை நீட்டியிருந்தாள், படத்தை மறுபடி சரியாக எடுக்கலாம் என்று. அந்தக் கையில் அப்படியே வைத்தாள்.

விரல்கள் மூடவில்லை. மற்றக் கை கைக்குட்டையைத் தேடியது. முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

அந்த முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள்.

அம்மா அடக்கி வைத்திருந்த இருமல் அப்போதுதான் வெளியே வந்தது. நீளமாக, அவசரமில்லாமல் இருமினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

தாரணி கைகளை இறக்கினாள்.

உள்ளே, கட்டிலுக்கு அடியிலிருந்து, சிமென்ட் தரையில் சாமான் கட்டுகிற தகரப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.